காய்ச்சல் பதிவேட்டில் என் பெயர் இல்லை

எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் மூன்று நாளும் பாடம்தான். இரண்டாம் நாள் மதியம், கேன்டீன் சாப்பாடு வயிற்றில் இறங்கி எல்லோருக்கும் கண் சொக்குகிற நேரத்தில் ஒரு ஸ்லைடு வரும். மேலே சிவப்பு முக்கோணம், கீழே ஆங்கிலத்தில் மூன்று வரி. ஓர் ஒப்பந்தத் தொழிலாளி தன் காய்ச்சலை மறைத்துக்கொண்டு முட்டை அறைக்குள் வந்தார். அவரிடமிருந்த கிருமி தடுப்பு மருந்துக்கான வைரஸோடு கலந்துவிட்டது. மூன்று வருட உழைப்பு ஒரே நாளில் அழிக்கப்பட்டது. பெயர் இருக்காது. அதை விளக்கிச் சொல்லும் வேலை, நான் ஓய்வு பெறும்வரை ஒன்பது வருடம் என்னிடம் இருந்தது. நன்றாகவே விளக்குவேன். தூங்குகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

என் கடைசி பேட்சில் பர்வீன் என்று ஒரு பெண் இருந்தாள். தாராவிக்காரி. அப்பாவுக்கு அங்கே தோல் பை தைக்கிற பட்டறை. பூர்வீகம் எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊர். மற்றவர்கள் எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டிருக்க, இவள் கையைத் தூக்கினாள்.

“சார், அந்த லேடிக்கு அப்புறம் என்ன ஆச்சு?”

ஸ்லைடில் ‘தொழிலாளி’ என்றுதான் இருக்கிறது. பெண் என்று நான்தான் பேச்சுவாக்கில் சொல்லியிருக்க வேண்டும். “அது நம்ம சிலபஸ்ல இல்லம்மா” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஒன்பது வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி அது.

ஓய்வு பெற்று நாலு மாதம் கழித்து அவளே வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினாள். “சார், நியூ ஜாயினீஸுக்கு உங்க எக்ஸ்பீரியன்ஸ் எழுதிக் குடுங்க. தமிழ்லயே எழுதுங்க, பரவால்ல. எனக்குத் தமிழ் படிக்க வராது, அப்பாவைப் படிக்கச் சொல்லி நான் ஹிந்தியில டைப் பண்ணிக்கிறேன்.” சரி என்று சொல்லிவிட்டு ஒரு மாதம் எழுதாமல் இருந்தேன். எழுதும் தெம்பு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு பார்த்தால், எழுதாமல் இருக்கிற தெம்பும் போய்விட்டது.

பத்தொன்பது வயதில் ஊரிலிருந்து மும்பைக்கு வந்தேன். தாராவியில் மாமா வீட்டு மச்சில் படுத்து, பகலில் வேலை, மாலையில் கல்லூரி என்று ஒரு பட்டம் வாங்கினேன். செம்பூர் தாண்டி டிராம்பே போகிற வழியில் இருந்த தடுப்பு மருந்து கம்பெனியில் முட்டை பார்க்கிற ஆளாகச் சேர்ந்தேன். இருட்டறையில் உட்கார்ந்து, விளக்கின் மேல் ஒவ்வொரு முட்டையாக வைத்து, உள்ளே குஞ்சு உயிரோடு இருக்கிறதா, ரத்த நாளங்கள் சரியாக ஓடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். இன்ஃப்ளுயன்சா வைரஸ் கருவுள்ள கோழி முட்டையில் நன்றாக வளரும். ஆகவே எங்கள் தொழிலில் முட்டைதான் வயல், முட்டைதான் களம். நாலு மாதத்தில் கண் பழகிவிட்டது. பதினைந்து வருடத்தில் முட்டை அறைக்கே சூப்பர்வைசர் ஆனேன். அந்தக் காலத்தைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. ரயிலில் நின்றேன், முட்டை பார்த்தேன், கல்யாணம் செய்தேன்.

பிறகு ரமா மேடம் வந்தார்.

மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து ஒரு பஸ் பிடித்து வருவார். ஒல்லி, காட்டன் புடவை, சின்ன டப்பாவில் தயிர் சாதம். வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்துவிட்டுத் திரும்பியவர் என்று சொன்னால்தான் தெரியும். காலையில் வந்ததும் தன் அறைக்குப் போகமாட்டார். நேரே இன்குபேட்டர்கள் இருக்கிற இடத்துக்குப் போவார். வெளியே பச்சை எண்ணில் முப்பத்து மூன்று என்று காட்டும். அதை நம்பமாட்டார். உள்ளே வைத்திருக்கும் கண்ணாடி வெப்பமானியைக் குனிந்து படித்து, நோட்டில் எழுதுவார். “காட்டறது ஒண்ணு, இருக்கறது ஒண்ணு, செல்லத்துரை. நாம இருக்கறதை எழுதணும்” என்பார்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யாராவது தப்புச் செய்தால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர்கள் பக்கத்தில் உட்காருவார். “முதல்லேர்ந்து சொல்லுங்கோ” என்பார். திட்டியிருந்தால் தேவலை. கையைக் கழுவியதிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வரும்போது, எங்கே தவறினோம் என்பது நம் வாயிலிருந்தே வந்துவிடும். அதற்குப் பயந்தே பாதித் தப்புகள் நடக்கவில்லை.

அவர் செய்ய வந்தது மூக்கில் விடுகிற ஃப்ளூ தடுப்பு மருந்து. ஊசி கிடையாது. உயிருள்ள வைரஸையே சாதுவாக்கி மூக்கில் தெளிப்பது. எனக்கு அவர் விளக்கிய விதத்திலேயே சொல்கிறேன். ஃப்ளூ வைரஸின் மரபணு எட்டுத் துண்டாக இருக்கும். ஆறு துண்டு உள்வேலைக்கு, இரண்டு துண்டு வெளித்தோற்றத்துக்கு. குளிருக்குப் பழகி, சூட்டில் வளர முடியாத ஒரு சாது வைரஸிலிருந்து அந்த ஆறையும் எடுத்துக்கொள்வது. இந்த வருடம் ஊரில் சுற்றுகிற வைரஸின் வெளித்துண்டு இரண்டையும் சேர்ப்பது. ஆய்வகத்தில் மரபணுக்களைக் கோத்து அப்படி ஒரு புது வைரஸை உண்டாக்கினார்கள். “பழைய டாக்ஸி என்ஜின், புது நம்பர் பிளேட். போலீஸ் நம்பரைப் பார்த்து ஞாபகம் வெச்சுக்கும், ஆனா வண்டி ஸ்பீடு எடுக்காது” என்று ஒருநாள் மேடமே சொன்னார். மூக்குக்குள் குளிர்ச்சி, அதனால் அங்கே வளரும், உடம்பு அதை அடையாளம் கண்டுகொள்ளும். நெஞ்சுக்குள் சூடு, அங்கே வளர முடியாது. ஆகவே நோய் வராது.

இந்த நம்பிக்கை முழுதும் ஒரே ஒரு சோதனையில் நின்றது. வைரஸை இரண்டு தட்டுகளில் விடுவோம். ஒன்று முப்பத்து மூன்று டிகிரியில், இன்னொன்று முப்பத்தொன்பதில். முதல் தட்டில் வளர வேண்டும். இரண்டாவதில் வளரவே கூடாது. வளர்ந்தால் அது சாது இல்லை. மரபணு மாற்றிய வைரஸ் என்பதால் விதி இன்னும் கடுமை: மறுசோதனையிலும் வளர்ந்தால், பாதுகாப்புக் குழு கூடிய அன்றே மொத்தத்தையும் ஆவியில் வேகவைத்து அழித்துவிட வேண்டும். ஆராய்ச்சிக்கு என்று செத்த மரபணுச் சாறு மட்டும் கொஞ்சம் எடுத்து வைக்கலாம்.

இசக்கியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கான்ட்ராக்டர் மூலம் வந்தவள். தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்கு உள்ளே வீடு. புருஷன் இல்லை, ஒரு பெண் குழந்தை. ஊர் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர், அதனால் என்னை அண்ணாச்சி என்பாள். முட்டை பார்ப்பதில் என்னைவிடக் கெட்டி. விளக்கில் வைப்பதற்கு முன்னாலேயே, கையில் எடுத்ததுமே “இது போயிட்டு அண்ணாச்சி” என்று ஒதுக்குவாள். விளக்கில் வைத்துப் பார்த்தால் போயிருக்கும். மேடத்துக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். மேடம் ‘இசக்கி’ என்று கூப்பிட்டால் அவள் முகம் மலரும். நிரந்தர வேலைக்கு அவள் பெயரை மேடமே எழுதி அனுப்பியிருந்தார்.

எங்கள் துறையில் ஒரு விதி உண்டு. மற்ற எந்தத் தொழிற்சாலையிலும் இல்லாத விதி. சளி, காய்ச்சல், தும்மல், எது இருந்தாலும் உள்ளே வரக்கூடாது. வீட்டிலிருந்தே போன் செய்தால் போதும், சூப்பர்வைசர் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். கேட்டில் காவலாளி நெற்றியில் கருவியைக் காட்டி உடம்புச் சூட்டையும் பார்ப்பான். ஏனென்றால் வெளியே சுற்றுகிற நிஜ ஃப்ளூ ஒரு துளி உள்ளே வந்தாலும், சாது வைரஸைத் தள்ளிவிட்டு அது வளர்ந்துகொள்ளும்.

அதே கம்பெனி, வருடம் முழுக்க ஒரு நாளும் லீவு போடாதவர்களுக்கு மேடையில் ஏற்றிப் பரிசும் கொடுக்கும். காய்ச்சல் விதியும் பரிசு வாங்கியவர்கள் போர்டும் ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். யாருக்கும் அது வேடிக்கையாகப் படவில்லை. இது மும்பை. தண்டவாளத்தில் தண்ணீர் ஏறினால்கூட நடந்து வந்து கையெழுத்துப் போடுகிற ஊர். காய்ச்சலோடு வேலைக்கு வந்தவனை இங்கே யாரும் முட்டாள் என்று சொல்லமாட்டார்கள், தோளில் தட்டுவார்கள். நான் பதினோரு வருடம் தொடர்ந்து அந்தப் பரிசு வாங்கியவன்.

அந்த வியாழக்கிழமை விதை போடுகிற நாள். விதை என்பது அந்தப் புது வைரஸின் முதல் சேமிப்பு. இனி தயாராகப்போகிற எல்லா மருந்தும் அதிலிருந்துதான் வரவேண்டும். அதற்கென்றே நோய் எதுவும் இல்லாத பண்ணையிலிருந்து ஏசி வண்டியில் முட்டைகள் வந்திருந்தன. கருவுக்குப் பதினோரு நாள் வயது. அன்றைக்கு விட்டால் வீண். காலையில் எழுந்தபோதே தெரிந்துவிட்டது, உடம்பு கொதித்தது. வீட்டில் இருந்த வெப்பமானியில் நூற்றியொன்று. மனைவி, “போன் பண்ணிச் சொல்லிருங்க” என்றாள். நான் அவளிடம் எரிந்து விழுந்தேன். “நான் போகலைன்னா இன்னிக்கி யாரு ஊசி போடுவா?”

அது முழுப் பொய்யும் இல்லை. விதை முட்டைக்கு ஊசி போட என் கையைத்தான் மேடம் நம்பினார். ஆனால் உண்மையும் இல்லை. சொல்லியிருந்தால் அவர் தானே உட்கார்ந்து போட்டிருப்பார், மெதுவாக, இரவு வரை ஆனாலும். நான் இல்லாமல் நடக்காது என்ற திமிர்தான் என்னைக் கிளப்பியது. பன்னிரண்டாவது பரிசும் மனதில் இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது.

கேட்டுக்கு வெளியே இருக்கிற கேன்டீனில் டீயோடு இரண்டு பாராசிட்டமால் போட்டேன். அரை மணி நேரம் உட்கார்ந்தேன். வியர்த்தது. கேட்டில் காவலாளி கருவியைக் காட்டினான், சாதாரணச் சூடு காட்டியது. “ஓகே சேட்” என்று வழிவிட்டான். சூட்டை வைத்தே வைரஸைத் தரம் பிரிக்கிற தொழிலில் இருந்துகொண்டு, சூட்டை மறைக்க மாத்திரை போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

உடை மாற்றி, முகக்கவசம், இரண்டடுக்குக் கையுறை எல்லாம் போட்டு உட்கார்ந்தோம். இசக்கி விளக்கில் பார்த்து, நாளம் இல்லாத இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, ஸ்பிரிட்டால் துடைத்துக் கொடுப்பாள். நான் சின்னத் துளை போட்டு, ஊசியை இறக்கி, துளையை அடைத்து, தட்டில் வைப்பேன். மேடம் கண்ணாடிக்கு வெளியே நின்று எண்ணிக்கொண்டிருந்தார். பாதி முட்டை முடிந்திருக்கும். முகக்கவசத்துக்குள் மூக்கு ஒழுகத் தொடங்கியது. விதிப்படி எழுந்து வெளியே போய், எல்லாவற்றையும் கழற்றி, மறுபடி குளித்து வரவேண்டும். அதற்கு முக்கால் மணி நேரம் ஆகும், ஏன் என்று கேள்வி வரும். மேடம் அடுத்த தட்டை எழுதக் குனிந்த நேரத்தில் கவசத்தை நகர்த்தி முழங்கையில் துடைத்தேன். விரல் மூக்கில் பட்டது. கையுறையை மாற்றவில்லை. அடுத்த முட்டைக்குக் கையை நீட்டினேன்.

இசக்கி ஒரு கணம் முட்டையை நீட்டாமல் கையில் வைத்திருந்தாள். அப்புறம் நீட்டினாள்.

முட்டைகள் மூன்று நாள் முப்பத்து மூன்று டிகிரியில் இருந்தன. எனக்கு வெள்ளிக்கிழமையே காய்ச்சல் விட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இசக்கி போன் செய்தாள். “அண்ணாச்சி, மேலு அனலாக் கொதிக்கி. நாளைக்கு வரல. எழுதிக்கிடுங்க.” மறுநாள் காலை பதிவேட்டில் எழுதினேன். பெயர், தேதி, காய்ச்சல், வரவில்லை. என் கையெழுத்தில்தான் இருக்கிறது. அந்த வாரம் முழுக்க அந்தப் பக்கத்தில் ஒரே பெயர்தான்.

பத்து நாள் கழித்து மேடம் தட்டுகளைப் பார்த்தார். முப்பத்து மூன்றில் வளர்ந்திருந்தது. முப்பத்தொன்பதிலும் வளர்ந்திருந்தது. நுண்நோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல், “செல்லத்துரை, கண்ணாடித் தெர்மாமீட்டர் என்ன காட்டறது?” என்றார். போய்ப் பார்த்தேன். முப்பத்தொன்பது. மறுபடி சோதனை செய்தார், அதே முடிவு. குழு கூடியது. வைரஸ் சாதுத்தன்மையை இழந்துவிட்டது, இன்றே அழிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள்.

அழிக்கும்போது நான் பக்கத்தில் இருந்தேன். சின்னச் சின்னக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் அவர் கையால் எண் எழுதியது. பெரிய ஆவிக் கலத்தில் கூடையை வைத்தது மேடம்தான், யாரையும் தொட விடவில்லை. கதவை மூடித் திருகிவிட்டு, “மூணு வருஷம்” என்றார். அப்போது சொல்லியிருக்கலாம். கலம் சூடாக இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடமும் அவர் பக்கத்தில் நின்றேன். சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார், சாது வைரஸைத் தனியாகப் பிரித்தெடுக்க வழி தேடியிருப்பார். பயந்தேன். மகன் பத்தாவதில் இருந்தான், செம்பூரில் வாடகை வீடு, எனக்கு ஆபீசர் கிரேடு வருகிற வருடம். இதையெல்லாம் நினைத்தேனா, பிறகு காரணமாகச் சேர்த்துக்கொண்டேனா என்று இப்போது தெரியவில்லை. நின்றேன், அவ்வளவுதான்.

எடுத்து வைத்த சாறு மரபணு வரிசை பார்க்கப் போயிருந்தது. ஆறு வாரத்தில் முடிவு வந்தது. மேடம் உண்டாக்கிய வைரஸில் ஒரு குறையும் இல்லை. கலந்திருந்தது அந்தப் பருவத்தில் ஊரில் சுற்றிய சாதாரண ஃப்ளூ. அதாவது யாரோ மூக்கிலிருந்து வந்தது. நல்ல விதையை வேகவைத்துவிட்டார்கள்.

மேடம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். என் முறை வந்தபோது வழக்கம்போல ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆனால் முதலிலிருந்து சொல்லச் சொல்லவில்லை. “உங்களுக்கு அந்த வாரம் உடம்பு நன்னா இருந்ததோல்லியோ?” என்றார். பதிலையும் அவரே வைத்துக்கொண்டு கேட்டதுபோல இருந்தது. “இருந்தது மேடம்” என்றேன். எழுதிக்கொண்டார்.

பதிவேட்டில் இருந்த ஒரே பெயர் இசக்கியுடையது. ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் என்றால் வியாழக்கிழமையே லேசாகத் தொடங்கியிருக்கும், ஒப்பந்தத் தொழிலாளி, சம்பளம் போகுமே என்று மறைத்திருப்பாள். இப்படி நிர்வாகம் முடிவு கட்டிவிட்டது. கான்ட்ராக்டர் அவளுடைய கேட் பாஸை வாங்கிக்கொண்டான். அன்றைக்கு அவள் கேட்டுக்கு வெளியே எனக்காகக் காத்திருந்தாள்.

“நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. எனக்கு ஞாயித்துக்கிழமதான வந்துச்சு. நீங்கதான எழுதுனிய.”

“எல்லாம் மேல எடுத்த முடிவு இசக்கி” என்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அது என் பஸ்கூட இல்லை.

மேடத்துக்கு மறுபடி விதை போட அனுமதி கிடைக்கவில்லை. கடைசி இரண்டு வருடம் அவரை ஆவணப் பிரிவில் உட்கார வைத்தார்கள், ஓய்வு பெற்றுப் போனார். எனக்கு ஆபீசர் கிரேடு வந்தது. பயிற்சித் துறைக்கு மாற்றினார்கள். முதல் வேலையாக அந்த ஸ்லைடைக் கொடுத்தார்கள். ஒருமுறை சயான் ஸ்டேஷனில் இசக்கியைத் தூரத்தில் பார்த்தேன், தலையில் துணி மூட்டை. அடுத்த ரயிலில் போகலாம் என்று பாலத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஒன்பது வருடம் இப்படித்தான் போனது. குற்றவுணர்ச்சி தினமும் குத்திக்கொண்டிருந்தது என்று எழுதினால் அது பொய். பெரும்பாலான நாள் மறந்துதான் போயிருந்தேன். களைப்பு மட்டும் காரணம் தெரியாமல் கூடிக்கொண்டே வந்தது.

பர்வீனுடைய குரல் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சான்பாடாவில் மகன் வீட்டிலிருந்து கிளம்பினேன். குர்லாவில் மாறி, சயானில் இறங்கி நடந்தேன். வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை, கேட்டதும் காட்டினார்கள். கீழ் அறையில் சுவரோரமாக பள்ளிச் சீருடைச் சட்டைகள் குவிந்திருந்தன. இசக்கி தரையில் உட்கார்ந்து சின்னக் கத்தரியால் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. ஒரு நொடி பார்த்தாள்.

“வாங்க அண்ணாச்சி” என்றாள். ஸ்டூலைக் காட்டினாள்.

நான் உட்கார்ந்ததும் சொல்லத் தொடங்கிவிட்டேன். நிறுத்தினால் சொல்லாமல் போய்விடுவேன் என்று பயம். காலையில் நூற்றியொன்று, இரண்டு மாத்திரை, கேட்டில் சாதாரணச் சூடு, பாதி முட்டையில் மூக்கு ஒழுகியது, கையுறையை மாற்றவில்லை, மேடம் கேட்டபோது பொய் சொன்னேன். விசாரணை அறிக்கை எழுதுவதுபோல வரிசையாகச் சொன்னேன். நாற்பது வருடப் பழக்கம். அவள் நூல் வெட்டுவதை நிறுத்தவில்லை.

“தெரியும்” என்றாள்.

“எப்படி?”

“கேன்டீன்ல மாத்திர போட்டியள்லா, பின்னால தண்ணி குடிச்சிட்டு நின்னேன். உள்ள வச்சி மூக்கத் தொடச்சதையும் பாத்தேன். சொல்லணும்னு வாய் வர வந்துச்சு. நீங்க எங்க சூப்பர்வைசரு. நீங்களே வெளிய போவியன்னு நெனச்சேன்.”

“அப்புறம் விசாரணையில சொல்லியிருக்கலாமே இசக்கி.”

“யாரு நம்புவா? ஒங்க பேரு பரிசு போர்டுல இருக்கு. எம் பேரு காய்ச்ச புஸ்தகத்துல இருக்கு.” ஒரு சட்டையை உதறி மடித்து வைத்தாள். “வேல போனதக்கூட விடுங்க. மேடம் என்னக் கூப்பிட்டு, ‘நிஜத்தைச் சொல்லியிருக்கலாமே இசக்கி’ன்னு ஒரு வார்த்த சொன்னாவ. அத நெனச்சாத்தான். நான் அவிய கிட்ட ஒருநாளும் பொய் சொன்னதில்ல.”

போனை எடுத்து அங்கேயே மேடத்தைக் கூப்பிட்டேன். வருடப் பிறப்புக்கு மட்டும் கூப்பிடுகிற எண். மாட்டுங்காவில் தங்கை வீட்டில் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். “சொல்லுங்கோ செல்லத்துரை” என்றார். சொன்னேன். மறுபடியும் அதே வரிசையில், கொஞ்சம் சத்தமாக. வாசலில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 

“கலம் சூடாகறச்சே பக்கத்துலதானே நின்னேள்?” என்றார் மேடம்.

“ஆமா மேடம்.”

“இசக்கி அங்கே இருக்காளா? போனைக் குடுங்கோ.”

கொடுத்தேன். இசக்கி கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். எழுந்து நின்றுதான் பேசினாள். “ஆமா மேடம்... ஐயோ, நீங்க எதுக்கு மேடம்... நல்லா இருக்கேன் மேடம்... இல்ல மேடம், அழாதிய...” கடைசியில் அவளும் அழுதாள். பிறகு போனை என்னிடம் நீட்டினாள். நான் காதில் வைத்தபோது மேடம் வைத்துவிட்டிருந்தார்.

“என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“மன்னிச்சிரு இசக்கின்னு சொன்னாவ. எடுத்ததுமே அததான் சொன்னாவ.” முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். கத்தரியை எடுத்தாள். என்னைப் பார்க்காமல், ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

“நீங்க இன்னும் சொல்லல அண்ணாச்சி.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரயிலில் வரும்போதெல்லாம் என்னென்ன நடந்தது என்று மனதுக்குள் ஒழுங்கு செய்துகொண்டே வந்தேன். ஒன்றையும் விடவில்லை. இந்த ஒரு வார்த்தையை மட்டும் கொண்டுவரவே இல்லை.

சொன்னேன். இரண்டாம் தடவையும் சொன்னேன்.

அவள் அடுத்த சட்டையை எடுத்து, காலரைத் திருப்பி, நூல் எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தாள்.